லெஃப்ட் டேக்கிள் தீர்மானமும் தெல்மா வீட்டுக் கல்யாணமும்

பிராக்வே ஆன்வில்ஸ் ரசிகர் சங்கம் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை யாராலும் மாற்ற முடியாது என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது. இதுவரை நாங்கள் எந்த முடிவும் எடுத்ததில்லை.

ஆன்வில் என்றால் கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கிற கல். எஃகு ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அணிக்கு வைத்த பெயர். ஆலை போய்விட்டது, அணி மட்டும் மிச்சம். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். வருகிறவன் எல்லாம் அடித்துவிட்டுப் போகிறான். எங்கள் அணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலால் பந்தைத் தொடுவது அபூர்வம் என்றாலும் கால்பந்து என்றே எங்கள் ஓஹையோவில் அழைக்கப்படும் அந்த ஆட்டத்துக்காக, செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஊரே தொண்டை கிழியக் கத்தும். மற்ற மாதங்களில் சங்கம் கூடி, கத்தியதை எல்லாம் தீர்மானமாக எழுதி விவாதிக்கும். ஏதாவது ஒரு தீர்மானம் நிறைவேறினால் அணி நிர்வாகத்துக்கு அனுப்புவதாக இருக்கிறோம்.

நான் நார்பர்ட். சங்கத்தின் வாயில் காப்பாளன். கூட்டம் நடக்கும்போது கதவருகே நின்று, வரக் கூடாதவர்களை உள்ளேயும் போகக் கூடாதவர்களை வெளியேயும் விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பதவிக்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு பித்தளை வில்லை உண்டு. நான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஆனாலும் என் வெற்றி செல்லுமா என்று ஒரு வாரம் விவாதித்தார்கள்.

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமைக்கு எங்கள் மண்டபத்தை தெல்மா கோவாச் கேட்டு வாங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறவர். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகள் ஜோலீனை வளர்த்தவர். ஜோலீனுக்கும் டயர் கடையில் வேலை பார்க்கும் ஓடிஸ் பார்ன்ஸுக்கும் அன்று கல்யாணம். மதியம் தேவாலயத்தில் பூசை, மாலையில் எங்கள் மண்டபத்தில் விருந்து. தேவாலயத்துக்கும் சொந்தமாக ஒரு கூடம் உண்டு. போன குளிர்காலத்துப் பனியில் அதன் கூரை இறங்கிவிட்டதால், கூரையுள்ள பெரிய இடம் என்று ஊரில் மிச்சமிருப்பது எங்களுடையது ஒன்றுதான்.

தெல்மாவின் கல்யாணம் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த வருடத்தில் நடந்தது. நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காரில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஹாம்பர்கர் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் விருந்து.

"ஜோலீனுக்கு ஒரு ஹால். அதுல ஒரு குக்கீ மேசை. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம் நார்பர்ட்" என்று ஏப்ரலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கேக்கை யாரும் சீந்த மாட்டார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரி என்று ஆளாளுக்கு வாரக்கணக்கில் குக்கீ சுட்டு எடுத்து வந்து, சுவரோரம் நீள மேசை கொள்ளாமல் அடுக்குவார்கள். மேசை நிறையாத கல்யாணத்தைப் பற்றி அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்த பிறகும் பேசுவார்கள். தெல்மா பக்கத்துப் பெண்கள் ஈஸ்டரிலிருந்தே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்யாண வாரத் திங்கட்கிழமை அந்தச் செய்தி வந்தது. எங்கள் லெஃப்ட் டேக்கிள், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர், லமார் டில்லரி கூடுதல் சம்பளம் கேட்கிறாராம். கொடுக்கலாமா, ஆளை விட்டுவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம்.

அன்று மாலையே சங்கம் கூடியதும் உறுப்பினர் கஸ் பெட்ராகிஸ் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். "நட்சத்திர லெஃப்ட் டேக்கிள் இல்லாத அணி, அணியே அல்ல." மெர்ல் ஹூபர் எழுந்து எதிர்த்தார். விவாதம் தொடங்கியது.

எங்கள் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு தீர்மானம் விவாதத்தில் இருக்கும்வரை மண்டபத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. முன்பொரு சமயம் நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே பிங்கோ ஆடும் பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் நம்பர் கூப்பிட, எங்களில் பாதிப் பேர் அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டோம். அந்த அவமானத்துக்குப் பிறகு தலைவரே எழுதிவைத்த விதி அது.

செவ்வாய்க்கிழமை மேசை விரிப்புகளை அளவு பார்க்க வந்த தெல்மாவை நான் கதவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, எப்ப முடியும்?"

"பேசி முடிச்சா முடிஞ்சுடும்."

"போன தடவை எப்ப முடிஞ்சுது?"

போன தடவை பந்தை உதைக்கிறவரை மாற்ற வேண்டுமா என்பது பற்றிய தீர்மானம். அவர் ஓய்வுபெற்று, புளோரிடாவில் குடியேறி, அங்கே இயற்கை எய்தியதால் அது முடிவுக்கு வந்தது. நான் அதை அப்படியே சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

தெல்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தள்ளு, நான் உள்ள போய் அவங்ககிட்டயே பேசறேன்."

வெளியாட்கள் உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாது என்பதால் விட்டேன். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் தலைவர் ஸ்லாவிக், முன்னால் சுத்தியல். கஸ் பேசிக்கொண்டிருந்தார். கார் இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வுபெற்றவர் என்பதால் குரலில் எப்போதும் ஒரு விபத்து நடக்கப்போகிற தொனி இருக்கும்.

"சகோதரர்களே! மனுஷனுக்குக் கண்ணு முன்னாடி இருக்கு. முதுகு பின்னாடி இருக்கு. இதை யாராவது மறுக்க முடியுமா?"

"ஆட்சேபணை!" என்றார் மெர்ல். "இன்னும் நிரூபிக்கல."

தலைவர் ஆட்சேபணையை ஏற்று, இரண்டு பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார். குழு ஓரமாகப் போய் ஒருவரை ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கூற்று பெரும்பாலும் சரியே என்று அறிக்கை கொடுத்தது.

கஸ் தொடர்ந்தார். "நம்ம குவார்ட்டர்பேக் வலது கைக்காரன். பந்தை எறிய கையை ஓங்கினா மூஞ்சி வலது பக்கம் திரும்பிடும். இடது பக்கம் குருடு. அந்தப் பக்கத்துலருந்து ஒரு மலைமாடு அவனைச் சாய்க்கப் பாய்ஞ்சு வரும். அதை மறிச்சு நிக்கறவன்தான் லெஃப்ட் டேக்கிள்! அவன் பந்தைத் தொட மாட்டான். பாயிண்ட் எடுக்க மாட்டான். முதுகை மட்டும் காப்பான். நான் அனுபவத்துல சொல்றேன். என் பொண்டாட்டி லிண்டா என்னை விட்டுப் போன அன்னிக்கு நான் சோஃபால உக்காந்து வலது பக்கம் டிவி பாத்துட்டிருந்தேன். அவ இடது பக்கமா பெட்டியோட போயிருக்கா. மேட்ச் முடிஞ்ச பிறகுதான் எனக்கே தெரியும். அன்னிக்கு என் இடது பக்கம் மட்டும் ஒரு ஆள் இருந்திருந்தா..."

"ஆள் இருந்தான் கஸ்" என்றார் மெர்ல். "அவன்கூடத்தானே போனா?"

தலைவர் சுத்தியலால் தட்டினார். கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார, மெர்ல் மேடைக்கு வந்தார். ஆலையில் முப்பது வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர்.

"முதுகைப் பாத்துக்க ஒரு ஆளாம், அவனுக்கு நட்சத்திர சம்பளமாம்! ஏம்ப்பா, குவார்ட்டர்பேக்குக்கு கழுத்து இல்ல? திரும்பிப் பாக்க வேண்டியதுதானே? நான் முப்பது வருஷம் ரோலிங் மெஷின் பக்கத்துல நின்னவன். என் முதுகை எவன் காத்தான்? ஒருத்தனும் இல்ல. எனக்கு என்ன ஆயிடுச்சு? சொல்லுங்க, என்ன ஆயிடுச்சு?"

கையை உயர்த்திக் காட்டினார். அதில் மூன்று விரல்கள் இருந்தன. அவருடைய கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

தெல்மா எழுந்தார். "ஒரே ஒரு விஷயம். நீங்க என்ன முடிவு பண்ணாலும் டீம்காரங்க அதைக் கேப்பாங்களா?"

தலைவர் ஸ்லாவிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த அம்மா உறுப்பினர் இல்ல. அதனால இந்தக் கேள்வி கேக்கப்படல. யாருக்கும் காதுல விழல. மெர்ல், நீங்க மேல பேசுங்க."

வெளியே வந்த தெல்மா என்னிடம் கேட்டார். "உறுப்பினரா சேரணும்னா என்ன பண்ணணும்?"

"எதுக்கு?"

"ஓட்டுப் போட்டு இதை முடிக்கறதுக்கு. இவங்களா முடிக்கப் போறதில்ல. என்னதான் வேணுமாம் இவங்களுக்கு?"

அது எனக்கும் தெரியாது. சேர்வது பற்றி மட்டும் சொன்னேன். பழைய ஹெல்மெட் ஒன்றின்மேல் கைவைத்து, எத்தனை பாயிண்ட் பின்தங்கினாலும் ஆட்டம் முடியுமுன் மைதானத்தைவிட்டு எழுந்து போக மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு ஒரு தோல்வியை முழுதாகப் பார்த்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வாக்குரிமை.

ஜூனில் ஆட்டம் ஏது? ஆனால் சங்கத்தில் பழைய ஆட்டங்களின் வீடியோப் பதிவுகள் உண்டு. தோல்விகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வெற்றிகள் ஒரு ஷூ பெட்டியில் இருக்கின்றன. புதன்கிழமை தெல்மாவுக்காக ஒரு நல்ல தோல்வியாகத் தலைவரே தேர்ந்தெடுத்தார். பல வருடங்களுக்கு முந்தைய ஆட்டம். சங்கத்தில் எல்லோரும் பலமுறை பார்த்தது.

கடைசி நிமிடத்தில் பந்து காற்றில் போகும்போது தலைவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இந்தத் தடவை புடிச்சுடுவான் பாருங்க" என்றார். பிடிக்கவில்லை. ஐம்பது அறுபது வயது ஆண்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார்.

தெல்மா பாதி ஆட்டத்தின்போது ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். "இதுல லெஃப்ட் டேக்கிள் யாரு?"

பக்கத்திலிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று ஆட்களைக் காட்டினார்கள். கஸ் காட்டியவர் நடுவர். பிறகு கஸ் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "அவரை யாரும் பாக்க மாட்டாங்க. அதுதான் அவரோட பெருமை. நல்ல டேக்கிள்னா கண்ணுலயே படக் கூடாது."

"கண்ணுல படாதவருக்காகவா மூணு நாளா பேசறீங்க?"

"அதனாலதான் பேசறோம்."

ஆட்டம் முடிந்ததும் தலைவர் தெல்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். "இப்ப நீங்க எங்கள்ல ஒருத்தி."

வியாழக்கிழமை முழுக்கப் பேசினார்கள். தெல்மாவும் பேசினார். ஒரே வாக்கியம்தான்: "ஓட்டெடுப்பு நடத்துங்க." அதை நடத்தலாமா என்பது பற்றி மதியம்வரை ஒரு வாக்கெடுப்பும், அந்த வாக்கெடுப்பு செல்லுமா என்பது பற்றி மாலைவரை ஒரு விவாதமும் நடந்தன. வெள்ளிக்கிழமை காலை ஒருவழியாகத் தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

உள்ளே போகும்முன் தெல்மா என் காதில் சொன்னார். "எந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் கை தூக்கிடறேன். ஒரேயடியா முடியட்டும்."

நல்ல யோசனை. ஆனால் எங்கள் சங்க வழக்கம் ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டிவிட்டால் நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்குவார். மெர்ல் கட்சிக்காரர்கள் உற்சாகம் வந்தால் எதற்கும் இரண்டு கையைத்தான் தூக்குவார்கள், வாக்களிக்கும்போதும். கடைசி வரிசையிலிருந்து பார்த்த தெல்மாவுக்கு மெர்ல் பக்கம் கைகள் காடு மாதிரி தெரிந்தன. அவரும் அங்கே ஒரு கையைத் தூக்கினார்.

ஆளை எண்ணினால் இரண்டு பக்கமும் சமம். தெல்மா வராமல் வீட்டிலேயே இருந்திருந்தால் கஸ்ஸின் தீர்மானம் ஒரு ஓட்டில் நிறைவேறியிருக்கும். சங்க வரலாற்றிலேயே முதல் தடவையாக.

"சமநிலை!" என்றார் தலைவர். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அடுத்து என்ன என்பதை எழுந்து நின்று வாசித்தார். சமநிலை ஏற்பட்டால், முடிவு வரும்வரை உறுப்பினர்கள் மண்டபத்திலேயே தங்க வேண்டும். வெளிச்செய்தி எதுவும் அவர்கள் மனதைக் கலைக்கக் கூடாது. நான் எல்லோருடைய போனையும் பியர் வைக்கும் ஐஸ் பெட்டியில் வாங்கிப் போட்டேன். ஐஸை முதலில் எடுத்திருக்க வேண்டும். அது பிறகுதான் தோன்றியது.

தெல்மா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு என் பொண்ணு கல்யாணம். நான் இந்தச் சங்கத்தை விட்டு விலகறேன்."

தலைவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். "அம்மா, விலகறதும் ஒரு தீர்மானம். ஒரு தீர்மானம் நடந்துட்டிருக்கும்போது இன்னொண்ணை எடுக்க முடியாது. இது முடியற வரைக்கும் நீங்க உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

தலைவர் இரு பக்கமும் ஆலோசித்துவிட்டுச் சொன்னார். "சமையலறைல இருக்கலாம்."

அன்று இரவு தெல்மா வீட்டுப் பெண்கள் குக்கீ டப்பாக்களை வேறு வழியில்லாமல் அவரவர் கார்களிலேயே வைத்துப் பூட்டினார்கள். தெல்மா வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். வில்லையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. பதவி விலகுவதும் ஒரு தீர்மானம் என்பதால் பேசாமல் நின்றேன்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை ஓடிஸ், மண்டபம் கிடைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் மேசைகளைத் தூக்கிப் போட வந்தான். ஆள் கதவளவு இருப்பான். முன்னூறு பவுண்டுக்குக் குறையாது. டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவன். கல்யாணக் கோட்டை இஸ்திரி கலையாமல் கையில் பிடித்திருந்தான். அவனைப் பார்த்ததும் கஸ் துள்ளி எழுந்தார்.

"தலைவரே! நேரடி நிரூபணம்!"

நிரூபணத்துக்கு விதியில் இடம் உண்டு. தலைவர் தானே குவார்ட்டர்பேக்காக இருப்பதாக அறிவித்து, சுத்தியலைப் பந்தாக வைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பி நின்றார். முதலில் டேக்கிள் இல்லாமல். மெர்ல் இடது பக்கத்திலிருந்து ஓடி வந்தார். தலைவர் மூன்று வரிசை நாற்காலிகளோடு விழுந்தார்.

"குறிச்சுக்கங்க" என்றார் தலைவர் கீழேயிருந்தே.

அடுத்தது டேக்கிளோடு. ஓடிஸை இடது பக்கம் நிறுத்தினார்கள். "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டான் அவன். "சும்மா நில்லு தம்பி" என்றார் கஸ். மெர்ல் இன்னும் வேகமாக ஓடி வந்து மோதினார். ஓடிஸ் கையிலிருந்த கோட்டுகூடக் கசங்கவில்லை. மெர்ல் வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கஸ் பக்கம் ஒரே கூச்சல். முடிந்தது என்று நானும் நினைத்துவிட்டேன். மெர்ல் மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

"ஒரு நிமிஷம். இந்தப் பையன் நட்சத்திரமா? டயர் கடையில வேலை பாக்கறவன். இவனே போதும்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. அப்ப நட்சத்திரம் எதுக்கு? நான் ஜெயிச்சேன்!"

"டேய், மூக்குல ரத்தம் வருது, நீ ஜெயிச்சியா?" என்றார் கஸ்.

"ரத்தம் வேற, வாதம் வேற!"

ஒரே நிரூபணம் இரண்டு கட்சியையும் நிரூபித்துவிட்டதால் விவாதம் முன்னைவிட இரண்டு மடங்கு சூடானது. நட்சத்திரம் என்றால் யார், போதுமானவன் என்றால் யார், போதுமான அளவுக்கு நட்சத்திரமாக இருப்பவன் யார் என்று மூன்று துணைத் தீர்மானங்கள் பிறந்தன.

"நான் போகலாமா? பன்னண்டு மணிக்கு எனக்குக் கல்யாணம்" என்றான் ஓடிஸ்.

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "தம்பி, நீ இப்ப ஆள் இல்ல, சான்று. சான்றை முடிவு வர்றதுக்கு முன்னாடி வெளியே அனுப்ப விதி இல்ல. நார்பர்ட், கதவைப் பாத்துக்கங்க."

நான் கதவில் நின்றேன். சமையலறைக் கதவுக்குள்ளிருந்து தெல்மா எட்டிப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார், ஓடிஸைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மேடை வலது பக்கம் இருக்கிறது. எல்லோர் முகமும் அந்தப் பக்கம். சமையலறை இடது பக்கம். அதற்குப் பின்கதவு உண்டு. எனக்கு ஒப்படைக்கப்பட்டது முன்கதவு மட்டும்தான்.

தெல்மா ஒரு விரலை ஆட்டிக் கூப்பிட்டார். ஓடிஸ் நடந்தான். ஒரு கூட்டமே அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே பெரிய பொருள் அவன்தான். பலகைத்தரை அவன் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. "பாருங்க, இந்தப் பையனைப் பாருங்க!" என்று கஸ் வலது பக்கம் பார்த்தபடியே இடது கையை நீட்டினார். அவர் கை காட்டிய இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பூசை நேரத்துக்கு நடந்தது என்று பிறகு சொன்னார்கள். ஜோலீன் தாயின் காதில் ஏதோ கேட்டாளாம், தெல்மா "எல்லாம் இருக்கு, நீ முன்னாடி பாரு" என்றாராம்.

எல்லாம் எங்கே இருந்தது? கார்களில் குக்கீ இருந்தது. வேறொன்றும் இல்லை. பூசை முடிந்ததும் மணமக்களை ஊர்வலமாக ஒரு சுற்று சுற்றிவரச் சொல்லிவிட்டு, தெல்மாவும் அவர் தங்கைமார் நால்வரும் சமையலறைப் பின்கதவு வழியாக வந்தார்கள். இந்தத் தடவை நான் முன்கதவில் நிற்கவில்லை. பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் நீள மேசைகள் போயின. பிறகு காபி பாத்திரம். பிறகு கடைசி வரிசை நாற்காலிகள், அதற்கு முந்தின வரிசை நாற்காலிகள். உள்ளே பேசுகிறவர்கள் எல்லோரும் ஆவேசத்தில் எழுந்து நின்றிருந்தார்கள். எழுந்து நிற்கிறவர்களின் பின்னாலிருந்து நாற்காலியை எடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

"என் பொண்ணு விருந்தை பார்க்கிங்லயா வைப்பேன்னு ரெண்டு நாளா அழுதேன்" என்றார் தெல்மா, ஒரு நாற்காலியைச் சுமந்துகொண்டே. "இப்ப பாரு."

பார்த்தேன். பார்க்கிங் இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். ஆட்ட நாள் ஞாயிறு எல்லாம் மைதானத்துப் பார்க்கிங்கில்தானே அடுப்பு மூட்டிச் சாப்பிடுகிறார்கள். சொல்லிவைத்தாற்போல வண்டிகளை வட்டமாக நிறுத்தி, பின்கதவுகளைக் கீழே இறக்கி, அடுப்பு மூட்டியாயிற்று. சாசேஜ் கருகும் வாசனை. ஓடிஸின் மாமா அக்கார்டியனோடு ஒரு வண்டியின்மேல் ஏறியிருந்தார். குக்கீக்கு எங்கள் மேசைகள் பற்றாமல் மூன்று வண்டிகளின் பின்பலகை நிறைய அடுக்கியிருந்தார்கள். வால்நட் வைத்தது, ஜாம் வைத்தது, பொடிச்சர்க்கரை தூவியது. எங்கள் ஊரில் அப்படி ஒரு குக்கீ மேசையை நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜோலீன் வந்து இறங்கியவள், அதைப் பார்த்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நான் கண்ணைக் கசக்கினேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

உள்ளே திடீரென்று தடாலென்று ஒரு சத்தம். அடுத்தடுத்து இன்னும் நாலைந்து. யாரோ பேச்சு முடிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கஸ் தரையில் கிடந்தபடி விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா! பின்னாடி பாக்க ஆள் இல்லைன்னா இதான் கதி!" பக்கத்தில் விழுந்து கிடந்த மெர்ல் சளைக்கவில்லை. "விழுந்தோம், செத்தா போயிட்டோம்? அப்ப தேவையில்லைன்னுதானே அர்த்தம்?" சான்று எங்கே என்று யாருமே தேடவில்லை. தலைவர் நின்றபடியே சுத்தியலைத் தட்டி, தரையில் அமர்ந்து பேச அனுமதி வழங்கினார்.

டயர் கடைப் பையன் ஒருவன் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றான். உள்ளே என்ன சத்தம் என்று கேட்டான். டில்லரி வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறார்கள் என்றேன்.

"டில்லரியா?" என்றான் வாயில் சாசேஜோடு. "அவர் நேத்து மத்தியானமே வேற டீமுக்குப் போயிட்டாரே. நம்மாளுங்க விட்டுட்டாங்க. ரேடியோல காலைலேருந்து அதேதான்."

நேற்று மத்தியானம் போன்கள் ஐஸ் பெட்டியில் இருந்தன. நான் வில்லையைச் சரிசெய்துகொண்டு முன்கதவை நோக்கி நடந்தேன். என்ன இருந்தாலும் நான் சங்கத்தின் அலுவலர். தீர்மானத்துக்கு இனி வேலை இல்லை, எழுந்து வரலாம் என்று அவர்களிடம் சொல்வது என் கடமை இல்லையா?

கைப்பிடியில் கைவைக்கும்போது தெல்மா வந்து குறுக்கே நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஐம்பது ஆண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். ஓடிஸ் அவளைச் சுற்றிவிட, அவள் சிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதே நார்பர்ட்" என்றார். "சொன்னா எல்லாரும் வெளிய வந்துடுவாங்க."